லொறி ஸ்டார்ட் ஆகாவிட்டால் குற்றவாளி யார்?

(தோட்டச் சாரதிகள், லொறி உதவியாளர்கள், தோட்டக் கமிட்டித் தலைவர்மாருக்காக நடந்த சங்கப் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பைப் பார்த்துச் சிலர் சிரித்தீர்கள். சம்பளம், காணி, வீடு என்று பேச வேண்டிய மேடையில் லொறி ஸ்டார்ட் ஆகாத கதை எதற்கு என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். பதிலைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன்.

தோட்டத்தில் லொறி ஒன்று நின்றால் அது டிரைவரோடு நிற்பதில்லை. அந்திக் கொழுந்தை நிறுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டிய பெண்கள் மடுவத்தில் சாக்கோடு இருட்டும் வரை நிற்கிறார்கள். சாக்கில் அடைத்த கொழுந்து நேரம் போகப் போகச் சூடேறிச் சிவந்துபோகிறது. ஸ்டோரில் தரம் குறைகிறது. இரவில் ஒரு பிள்ளைத்தாய்க்கு வலி எடுத்தால், பல தோட்டங்களில் இன்றைக்கும் முதலில் தட்டுவது லொறி டிரைவர் வீட்டுக் கதவைத்தான். மறுநாள் காலையில் கேள்வி வரும்: “ஏன் லொறி வரவில்லை?” பதில் சொல்ல வேண்டியவராக ஒரேயொருவர் நிற்பார். அவர் டிரைவர்.

அவர் குற்றவாளியா இல்லையா என்று சொல்ல நமக்குக் காரணம் தெரிய வேண்டும். “வண்டி பழசு சார்” என்று சொன்னால் விசாரணையில் நிற்காது. எங்கே பழுது, அது எப்படி வந்தது, அதைப் பார்க்க வேண்டியது யார் என்று படிப்படியாகச் சொன்னால் நிற்கும். நான் கராஜில் வேலை செய்தவன் அல்ல, பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுப்பவன். இங்கே சொல்வதில் பாதி பாடப் புத்தகத்து விஞ்ஞானம். மீதி உங்களைப் போன்ற டிரைவர் அண்ணன்மாரும் மெக்கானிக் பாஸ்மாரும் சொல்லித் தந்தது.

நம் தோட்டங்களில் ஓடும் பழைய டீசல் லொறிகளில் கம்பியூட்டர் கிடையாது. டீசல் எஞ்சினை ருடொல்ஃப் டீசல் 1897இல் ஓட்டிக் காட்டினார். லொறிக்கு ஏற்ற இன்ஜெக்டர் பம்பை பொஷ் நிறுவனம் 1927இல் பெருமளவில் செய்ய ஆரம்பித்தது. அந்த அடிப்படைதான் பழைய இசுசு எல்ஃபிலும் டாட்டாவிலும் இன்றைக்கும் இருக்கிறது. எல்லாமே கையால் தொட்டு, கண்ணால் பார்த்து, காதால் கேட்டுக் கண்டுபிடிக்கக்கூடியவை.

பெட்ரோல் எஞ்சினில் பிளக் பொறி தட்டும். டீசலில் பொறி இல்லை. பிஸ்டன் காற்றைப் பதினேழு, பதினெட்டு மடங்கு நெருக்கும். அந்த நெருக்கத்தில் காற்று 500 பாகைக்கு மேல் சூடாகும். அந்தச் சூட்டுக்குள் நொசில் டீசலைப் பனிபோலத் தூவும், அது தானாகப் பற்றும். ஆகவே மூன்றே மூன்று கேள்விகள். எஞ்சின் போதிய வேகத்தில் சுற்றுகிறதா? டீசல் உள்ளே போகிறதா? காற்று போதிய சூடாகிறதா? இந்த வரிசையை மாற்றாதீர்கள். டீசல் வராத வண்டிக்குப் புது பெட்டரி வாங்குவதும், பெட்டரி செத்த வண்டியில் பம்பைக் கழற்றுவதும் வரிசை தப்பியதால் வரும் செலவு.

முதல் கேள்வி: சுற்றுகிறதா?

பெரிய லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். கிளீனர் தம்பி முன்னால் நின்று லைட்டைப் பார்க்கட்டும். லைட் அப்படியே அணைந்துபோனால் பெட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது பெட்டரி முனையில் பிடிப்பு இல்லை. லைட் பிரகாசமாகவே இருந்து சத்தமே வராவிட்டால் பெட்டரி நல்லது, பழுது சாவி சுவிட்சிலோ வயரிலோ ஸ்டார்ட்டரின் சொலினொய்டிலோ இருக்கிறது. லைட் மங்கி, எஞ்சின் முக்கிக்கொண்டு மெதுவாகச் சுற்றினால் பெட்டரி பலவீனம், அல்லது ஸ்டார்ட்டர் தேய்ந்திருக்கிறது.

புது பெட்டரி கேட்பதற்கு முன் முனைகளைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் கழற்றி, வெந்நீர் ஊற்றிக் கழுவி, சுரண்டி இறுக்குங்கள். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், பூட்டும்போது கடைசியில் நெகட்டிவ். எஞ்சினிலிருந்து சேசிக்குப் போகும் எர்த் வயரையும் பாருங்கள். மழையிலும் சேற்றிலும் ஓடும் லொறியில் அது அரித்துப்போவது சகஜம்.

மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. ஓய்ந்திருக்கும் 12 வோல்ட் பெட்டரி முழுதாக ஏறியிருந்தால் 12.6 வோல்ட் அளவு காட்டும். 12.2 காட்டினால் ஏறக்குறையப் பாதிதான் இருக்கிறது. ஸ்டார்ட் செய்யும்போது 10க்குக் கீழே நன்றாக இறங்கினால் அந்தப் பெட்டரியை நம்பாதீர்கள். 24 வோல்ட் லொறியில் இரண்டு பெட்டரி இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளங்கள். ஒன்று செத்தால் மற்றதையும் அது இழுத்துவிடும்.

இரண்டாவது கேள்வி: டீசல் போகிறதா?

எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. இப்போது பார்க்க வேண்டியது புகைக்குழாய். ஒருவர் சுற்றட்டும், இன்னொருவர் பின்னால் போய்ப் புகையைப் பார்க்கட்டும். புகையே இல்லை என்றால் டீசல் எஞ்சினுக்குள் போகவில்லை. வெள்ளைப் புகையும் பச்சை டீசல் வாடையும் வந்தால் டீசல் போகிறது, பற்றவில்லை. அது மூன்றாவது கேள்விக்குரிய விஷயம். கறுப்புப் புகை வந்தால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. எயார் கிளீனரைத் திறந்து பாருங்கள். தூசியும் கொழுந்துச் சருகும் அடைத்திருக்கலாம்.

புகை இல்லாத வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது, எஞ்சினை நிறுத்தும் ஏற்பாடு. பழைய வண்டிகளில் இழுத்து நிறுத்தும் கேபிள் இருக்கும். அது துருப்பிடித்துப் பாதியில் சிக்கினால், எத்தனை தடவை சுற்றினாலும் பம்ப் டீசல் தராது. மற்றவற்றில் பம்பின் மேலே சிறிய மின் சொலினொய்ட் இருக்கும். சாவியை ‘ஒன்’ வரை மட்டும் திருப்பி, அதன் மேல் விரலை வைத்தால் ‘டிக்’ என்று ஒரு தட்டு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஃபியூஸையும் அதற்குப் போகும் வயரையும் பாருங்கள். பம்பைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லாமல் தீர்ந்துபோகும் பழுது இது.

அடுத்து டேங்க். மீட்டர் முள்ளை நம்பாதீர்கள், சுத்தமான குச்சியை விட்டுப் பாருங்கள். நம் பாதைகள் சரிவானவை. டீசல் குறைவாக இருக்கும்போது சரிவில் நிறுத்தினால், டீசல் ஒரு பக்கம் ஒதுங்கி, உறிஞ்சும் குழாய் வெறும் காற்றில் நிற்கும். டேங்க் மூடியில் காற்று போகும் சிறு துளையும் அடைபடக் கூடாது. மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டால் அதுதான் காரணம்.

பிறகு தண்ணீர். டீசலைவிடத் தண்ணீர் கனமானது, அடியில் போய்த் தங்கும். பில்டருக்கு அடியிலுள்ள திருகாணியைத் திறந்து, கண்ணாடிப் போத்தல் ஒன்றில் கொஞ்சம் பிடியுங்கள். ஐந்து நிமிடம் வையுங்கள். கீழே தெளிந்த ஒரு படை தனியாகப் பிரிந்து நின்றால் அது தண்ணீர். இந்தப் போத்தலை ஊற்றிவிடாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கடைசியாக எயார். “லொறி எயார் பிடித்துவிட்டது” என்று நாம் சொல்வோமே, அதுதான். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரையுள்ள குழாயில் டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது. அதில் ஒரு வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுத்தான் உள்ளே போகும். அதனால்தான் வெளியே ஈரமே இல்லாத வண்டி எயார் பிடிக்கிறது. இரவில் குழாயிலுள்ள டீசல் மெதுவாக டேங்குக்குத் திரும்பிவிடும். காலையில் ஸ்டார்ட் ஆகி, சில வினாடி ஓடி, நின்றுபோகும். இந்த அடையாளத்தைக் கவனித்து வையுங்கள்.

எயார் எடுக்கும் முறை டிரைவர் அண்ணன்மாருக்குத் தெரியும், தம்பிமாருக்காகச் சொல்கிறேன். பில்டரின் மேலுள்ள எயார் திருகாணியை இரண்டு சுற்றுத் தளர்த்துங்கள். கை பம்பை அடித்துக்கொண்டே இருங்கள். நுரையும் குமிழியுமாக வந்து, பிறகு குமிழி இல்லாத டீசல் வரும். அது வந்துகொண்டிருக்கும்போதே திருகாணியை இறுக்குங்கள். பிறகு இன்ஜெக்டர் பம்பிலுள்ள திருகாணியிலும் இதையே செய்யுங்கள். அதற்குப் பிறகும் பிடிக்காவிட்டால், இரண்டு நொசில்களின் குழாய் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, எஞ்சினைச் சுற்றுங்கள். டீசல் துடித்துத் துடித்து வந்ததும் இறுக்கிவிடலாம். கழிவு டீசலைத் துணியில் பிடியுங்கள், கானுக்குள் ஓட விடாதீர்கள். அந்தத் தண்ணீர் கீழ் லயத்துக்குப் போகிறது.

பழுது எந்தப் பக்கம் என்று சந்தேகமாக இருந்தால் ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. சுத்தமான டீசல் உள்ள ஒரு சிறிய கானை எஞ்சினைவிட உயரத்தில் கட்டி, அதிலிருந்து நேராக ஃபீட் பம்புக்குக் குழாய் கொடுங்கள். எயார் எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். எஞ்சின் ஓடினால் பழுது டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில். ஓடாவிட்டால் ஃபீட் பம்ப், பில்டர், இன்ஜெக்டர் பம்ப் பக்கம். ஒரே சோதனையில் பாதி வழி கழிந்துவிடும்.

மூன்றாவது கேள்வி: காற்று சூடாகிறதா?

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் புல்லில் பனி உறையும். குளிரில் பெட்டரியின் பலமும் குறையும், எஞ்சின் எண்ணெயும் தடித்துப்போகும். ஆகவே கொழும்பில் ஒரு தடவையில் பிடிக்கும் லொறி மேலே மூன்று தடவை கேட்டால், அது டிரைவரின் கைக்குற்றம் அல்ல.

ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில், லைட் அணையும் வரை காத்திருந்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். வெள்ளைப் புகை வந்தும் பிடிக்காவிட்டால் பிளக்குக்கு மின் வருகிறதா என்று சோதனை பல்பால் பாருங்கள். மின் வந்தால் பிளக்குகளை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். பெரிய லொறிகள் பலவற்றில் ஹீட்டர் பிளக் கிடையாது. அங்கே வெள்ளைப் புகை என்றால் சுற்றும் வேகம் போதாது, அல்லது வால்வு, ரிங் தேய்ந்து நெருக்கம் குறைந்துவிட்டது, அல்லது பம்பின் நேரம் பிசகியிருக்கிறது. இவை கராஜ் வேலை. அதற்கு மேல் டிரைவரைச் சுற்றச் சொல்வது பெட்டரியைக் கொல்வதற்குச் சமம்.

இனிச் செய்யக் கூடாதவை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட்டரைப் பத்துப் பதினைந்து வினாடிக்கு மேல் தொடர்ந்து பிடிக்காதீர்கள். இடையில் இரண்டு நிமிடம் ஆற விடுங்கள்.

நொசில் தூவும் இடத்தில் விரலை வைக்காதீர்கள். அங்கே அழுத்தம் சுமார் 200 பார். கார் டயரின் காற்றைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு. டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும், வலியும் அதிகம் இராது. ஆனால் சில மணி நேரத்தில் விரலையே இழக்க நேரிடலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், “அழுத்தத்தில் டீசல் ஏறிவிட்டது” என்று டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

பெட்ரோல் நனைத்த துணியை எயார் கிளீனரில் வைக்காதீர்கள். ஹீட்டர் பிளக் உள்ள வண்டிக்கு ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்காதீர்கள். எண்ணெய்ச் சட்டிக்கு அடியில் பந்தம் கொளுத்தாதீர்கள். பெட்டரிக்கு அருகில் பீடி பற்ற வைக்காதீர்கள், ஏறும் பெட்டரியிலிருந்து வரும் வாயு வெடிக்கும்.

முக்கியமானது, ஆட்களை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்யாதீர்கள். எஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்கு உதவும் சக்தி தீர்ந்துவிடும், மிதித்தால் கல் போல இருக்கும். பவர் ஸ்டியரிங்கும் இறுகிவிடும். நம் பாதையில் ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். துரை சொன்னாலும், கணக்கப்பிள்ளை சொன்னாலும், “ஆட்கள் இறங்கட்டும் ஐயா” என்று சொல்லும் உரிமை டிரைவருக்கு உண்டு. சங்கம் பின்னால் நிற்கும்.

இப்போது அந்தப் போத்தலுக்கு வருகிறேன்.

நம் பிரதேசத்தில் ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். அந்திக் கொழுந்தை ஏற்ற வேண்டிய லொறி ஸ்டார்ட் ஆகவில்லை. டிரைவர் அண்ணன் சுற்றிச் சுற்றிப் பார்த்ததில் பெட்டரியும் இறங்கிவிட்டது. கொழுந்து இரவு முழுக்க மடுவத்தில் கிடந்து சிவந்துபோனது. மறுநாள் குற்றப்பத்திரம் வந்தது. கவனயீனம் என்றும், கொழுந்துக்கும் பெட்டரிக்கும் உரிய பணத்தைச் சம்பளத்தில் பிடிப்போம் என்றும் எழுதியிருந்தது.

கமிட்டி உட்கார்ந்து இதே மூன்று கேள்விகளைக் கேட்டது. ஆரம்பத்தில் எஞ்சின் நன்றாகச் சுற்றியதா? சுற்றியது, மடுவத்தில் நின்ற பத்துப் பெண்கள் சாட்சி. புகை வந்ததா? வரவில்லை. அப்படியானால் டீசல் பக்கம்தான். வண்டியைக் கராஜுக்கு இழுப்பதற்கு முன், நிர்வாகத்தின் ஆள் ஒருவர் முன்னிலையில் பில்டரைத் திறந்து போத்தலில் பிடித்தார்கள். பாதிப் போத்தல் தண்ணீர்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? 2022ஆம் ஆண்டுத் தட்டுப்பாட்டுக் காலத்தில் டீசல் சேர்த்து வைக்க வாங்கிய பெரல் ஸ்டோருக்குப் பின்னால் வெட்டவெளியில் நிமிர்ந்து நின்றது. மழை பெய்தால் பெரலின் தலையில் மூடியைச் சுற்றித் தண்ணீர் தேங்கும். பகல் வெயிலில் உள்ளேயுள்ள காற்று விரிந்து வெளியேறும். இரவுக் குளிரில் சுருங்கி, மூடி வழியாக அந்தத் தண்ணீரை உள்ளே இழுக்கும். பெரலை எங்கே வைப்பது என்று தீர்மானித்தவர் டிரைவர் அல்ல. அதோடு “காலையில் பிடிக்கச் சிரமம், பில்டர் மாற்ற வேண்டும்” என்று அவர் லொறிப் புத்தகத்தில் மூன்று தடவை தேதியோடு எழுதியிருந்தார். அந்த மூன்று வரிகள்தான் அவரைக் காப்பாற்றின.

கொழுந்துக் கணக்கையும் பெட்டரிக் கணக்கையும் நிர்வாகம் கைவிட்டது. பெரல் கூரைக்குக் கீழே படுக்க வைக்கப்பட்டது. ஆனால் பெட்டரியை இறக்கியதற்காக ஒரு எச்சரிக்கைக் கடிதம் அவருடைய கோவையில் இன்னும் இருக்கிறது. அதை நீக்கக் கேட்டு எழுதியிருக்கிறோம்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டப்படி, அனுமதிக்கப்பட்ட கழிவுகளைத் தவிர வேறு எதையும் சம்பளத்தில் பிடிக்க முடியாது. அந்தக் கழிவுக்கும் தொழிலாளியின் சம்மதம் வேண்டும். ஊழியர் சேமலாப நிதி போன்றவை வேறு சட்டத்தில் வருபவை. ஆகவே, “இங்கே ஒரு கையெழுத்துப் போடு” என்று ஒரு தாளை நீட்டினால், கமிட்டித் தலைவரிடம் காட்டாமல் போடாதீர்கள். வேலையிலிருந்து நிறுத்தினால் 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ்த் தொழில் நியாய சபைக்குப் போகலாம். தாமதிக்காமல் சங்கப் பணிமனைக்கு வாருங்கள்.

நோயாளிகள் விஷயத்தில் ஒன்று. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். தாய்மாரும் பிள்ளைகளும் அந்த இலக்கத்தை மனப்பாடம் செய்யட்டும். அம்புலன்ஸ் ஏற முடியாத பாதை எந்தெந்தப் பிரிவுகளில் இருக்கிறது என்று கமிட்டிகள் எழுதிக் கொடுங்கள். கொழுந்து லொறியைப் பழுது பார்க்கக் கேட்கிறோம் என்பதால், பிள்ளைத்தாய் லொறியில்தான் போக வேண்டும் என்று நாம் ஒப்புக்கொண்டதாகாது. பாதையைச் செப்பனிடும் கோரிக்கையையும் சேர்த்தே வைக்கிறோம்.

இன்று கலைந்து போவதற்கு முன் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் நான்கு கோரிக்கைகளைக் கடிதமாக எழுதிக் கையெழுத்திட வேண்டும். காலையில் லொறியைப் பார்க்கும் அரை மணி நேரம் வேலை நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். ஒரு பில்டரும் ஒரு ஃபியூஸ் பெட்டியும் எப்போதும் லொறியில் இருக்க வேண்டும். டீசல் பெரல் கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். லொறிப் புத்தகத்தில் டிரைவர் எழுதும் ஒவ்வொரு பழுதுக்கும் பொறுப்பான உத்தியோகத்தர் தேதியோடு ஒப்பமிட வேண்டும்.

டிரைவர் அண்ணன்மாருக்கு ஒரு வேலை. லொறிப் புத்தகத்தில் எழுதுவதன் நகலை ஒரு கொப்பியில் வீட்டிலும் வையுங்கள். எழுத நேரமில்லை என்றால் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், எழுதித் தருவார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு முற்றத்தில் நிற்கும் லொறியில் எயார் எடுப்பதைச் செய்து பார்ப்போம். தம்பிமார் முன்னால் வாருங்கள். கேள்விகளை அங்கே கேளுங்கள்.